அப்பாவைத் தொடக் கூடாது

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவின் உடம்பைக் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. "கையக் கெட்டியாப் புடிச்சுக்குங்கக்கா, ஊசி எடுத்துட்டு வாரேன்" என்று நர்ஸ் ஓடினாள்.

அந்த உதறலைப் பார்த்ததும் நான் எட்டு வயதில், சூலூர் வீட்டில் நின்றேன். வீட்டிலிருந்தே முகம் தெரியாதவர்களோடு பேசும் ஹாம் ரேடியோவில் தன் குரல் கடல் தாண்டிப் போக, அப்பா அலமாரி உயரத்துக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தார். சூடேறிய வார்னிஷ் நாற்றம் அந்த அறையை விட்டுப் போகாது. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் கரண்ட் தேங்கியிருக்கும். பழுது பார்க்கத் திறக்கும்போது, கரண்ட் நெஞ்சு வழியே பாயாமலிருக்க இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொள்வார். பக்கத்துத் தறிச் சத்தத்தில் கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்பதால், காய்ந்த மூங்கில் தடியோடு என்னைப் பின்னால் நிறுத்துவார்.

"கரண்டு புடிச்சு என் உடம்பு உதறுச்சுன்னா தொட்றாத கண்ணு. நீயும் போயிருவே. தடியில அடிச்சுத் தள்ளி உடு."

"வலிக்காதுங்களாப்பா?"

"அடிச்சாத்தான் அப்பா இருப்பேன்."

ஒருநாளும் அடிக்க நேரவில்லை. ஆனால் அவர் முதுகையே பார்த்து நிற்கும்போதெல்லாம் எனக்கு மூத்திரம் முட்டும்.

நர்ஸ் ஊசியோடு திரும்பி வந்தாள். "இன்னும் புடிக்கலீங்களா?"

அப்பாவின் கை கட்டிலுக்கு வெளியே உதறிக்கொண்டிருந்தது. என் கண்கள் சுவரோரம் தடியைத் தேடிக்கொண்டிருந்தன.