ஸ்டீலில் பாஸ், பெயின்ட்டில் ஃபெயில்

இன்று எங்கள் லேபில்...

(நான் இங்கே எழுதுவது அபூர்வம். பிறந்தநாள் வாழ்த்துக்கே மூன்று நாள் கழித்து நன்றி சொல்கிற ஆள்!)

ஆந்திராவில் நாயுடுபேட்டை பக்கம் டேப் செய்கிற ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி லேப் என் பொறுப்பு. டேப்பை ஒட்டி, மெஷினில் உரித்து, எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று சொல்வது வேலை.

(ஆமாம், எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஸ்டிக்கர் உரிக்கிறேன்.)

போன வாரம் ஏசி செய்கிற ஒரு கஸ்டமரிடமிருந்து மூன்று பேனல்கள் திரும்பி வந்தன. எங்கள் ஃபோம் டேப் வைத்து ஒட்டிய அலங்காரப் பட்டை மூன்றிலும் கழன்றுவிட்டது.

எங்கள் ரிப்போர்ட்டிலோ எல்லா லாட்டும் பாஸ்!

நாங்கள் டேப்பை ஸ்டீல் பிளேட்டில் ஒட்டி, பின்பக்கமாக மடக்கி, 180 டிகிரியில் இழுக்கிறோம். மெல்லிய டேப்புக்கு அது சரி. ஃபோம் டேப் தடிமன், அப்படி மடங்காது. அதை பிளேட்டுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் இழுக்க வேண்டும். அதுவும் ஸ்டீலில் இல்லை, கஸ்டமர் எதில் ஒட்டுகிறாரோ அதில். அவர் ஒட்டுவது பெயின்ட் அடித்த பேனலில்.

நேற்று அந்தப் பேனலையே துடைத்து, டேப் ஒட்டி, ரோலர் உருட்டி, ஒரு நாள் விட்டுவைத்தேன்.

இன்று மதியம் மெஷினில் மாட்டி 90 டிகிரியில் இழுத்தோம். பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் முனிரத்னம் (நகரிக்காரர்) வாயைப் பிளந்துவிட்டார்.

"இன்னா மேடம் இது, வெந்த கெழங்கு தோலு மாதிரி வந்துகினே கீது!"

ஸ்டீலில் இழுத்தால் ஃபோமே கிழியும். இங்கே ஃபோம் முழுசாக வந்தது, பெயின்ட் பளிச்சென்று இருந்தது. பசை பெயின்ட்டைப் பிடிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து புரொடக்‌ஷன் மேனேஜர் சுதாகர் வந்தார். அதே கஸ்டமருக்கு அடுத்த லாட், லாரி வாசலில், என் கையெழுத்துதான் பாக்கி.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு துண்டை ஸ்டீல் பீரோவில் கட்டை விரலால் அழுத்தி, வெடுக்கென்று இழுத்தார்.

"சூடண்டி மேடம், பாருங்க, என்னா கிரிப்பு!"

"வெடுக்குன்னு இழுத்தா எல்லா டேப்பும் கெட்டியாத்தான் தெரியும் சார். ஏசி மேல இருக்கற பட்டையை யாரும் அப்படி இழுக்கப் போறதில்ல. அது வெயில்ல மெதுவா, தானா கழலுது."

அவர் ஃபைலைப் பிரித்தார்.

"ஸ்டீலு, 180 டிகிரின்னு மெத்தட் ஷீட் போட்டது எவரு மேடம்?"

கீழே என் கையெழுத்து!

இரண்டு வருடம் முன்பு ஃபோம் டேப் புதிதாக வந்தபோது, மெல்லிய டேப்பின் ஷீட்டைக் காப்பி செய்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க என்று லேபில் எல்லோரையும் திட்டுகிற அதே நான்.

"உங்க ஷீட் பிரகாரம் இது பாஸு. இந்த லாட் போகட்டும், அடுத்ததுலேர்ந்து மாத்திக்கலாம். பர்வாலேது. யாருக்குத் தெரியப்போவுது?"

ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. (பொய். ஐந்து நிமிஷம்.)

"போகாது சார். ஹோல்டு."

"காரணம்னு என்ன எழுதுவீங்க?"

"மெத்தட் தப்பு. தேர்ந்தெடுத்தது நான்."

எழுதினேன். எம்.டி.க்கு மெயிலும் அனுப்பினேன். லாரி காலியாகத் திரும்பியது.

டீ டைமில் "மேடம், ரண்டி!" என்று தினமும் கூப்பிடுகிற லைன் ஆட்கள் இன்று யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

கிளம்பும்போது முனிரத்னம் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நீங்க செஞ்சது சரிதான் மேடம். ஆனா ஞாயித்துக்கெழமை வந்து வேற பசை போட்டு லாட்ட திரும்ப ஓட்டணுமாம், லீவு போச்சு. லைன்ல அத்தினி பேரும் உங்க மேல காண்டுல கீறாங்க. நாளிக்கு கேன்டீன் பக்கம் வராதீங்க. டீய நானே எடுத்தாந்துடறேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

திருப்பதி வரும் வரை ஃபேக்டரி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் என் கைப்பைதான் உட்கார்ந்து வந்தது.

வீட்டைத் திறந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தங்கைக்குப் போன் போட்டேன்.

"அக்கா, குக்கர் வெச்சிருக்கேன். அவசரமா?"

"இல்ல, சும்மாதான்."

யோசித்துப் பார்த்தால் அவசரமே இல்லை. யாருக்கும் அடிபடவில்லை. ஒரு டேப் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் கேட்கிறேன். உங்கள் தப்பை நீங்களே கண்டுபிடித்து, நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்ட நாளில், வீட்டுக்கு வந்து முதலில் யாரிடம் சொல்வீர்கள்?

(நான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். லைக் வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள், முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.)