கிட்டார்காரர் கொடுத்த கேசட்

மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்த அவரை, கண்டனூரில் ஒரு கல்யாணக் கச்சேரியில்தான் பார்த்தேன். பந்திக்குப் போக மனமில்லாமல் நின்று கேட்டேன். கச்சேரி முடிந்ததும் நானே போய்ப் பேசிப் பழகிக்கொண்டேன். ஒல்லியான மனிதர். பேசும்போதும் இடது கை விரல்கள் சட்டைப் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், தன் சொந்தப் பாட்டுகளை வீட்டிலேயே டேப் ரெக்கார்டரில் பாடிப் பதிந்து எனக்கும் ஒரு கேசட் கொடுத்தார்.

ஆசையோடு போட்டுக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. இரைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாட்டுகளில் உயிரில்லை. அடுத்தவர் பாட்டை அப்படி உருகி வாசித்தவரா இவர் என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து, காரைக்குடி பேருந்து நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எப்படி இருந்துச்சு சார்? உள்ளதச் சொல்லுங்க.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “மத்ததெல்லாம் மனசுல ஒட்டல. கடைசிப் பாட்டு மட்டும் ரொம்பப் பிடிச்சுது. வார்த்தையே இல்லாம முணுமுணுத்தீகளே, அது.”

அவர் விரல்கள் சட்டைப் பொத்தானில் அப்படியே நின்றுவிட்டன. “அது பாட்டு இல்ல சார். ரெக்கார்டிங் முடிஞ்சுச்சுன்னு நெனச்சுச் சும்மா முணுமுணுத்துக்கிட்டு இருந்தேன். டேப் ஓடிக்கிட்டே இருந்திருக்கு.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டாம் பக்கம் கடைசி வரைக்குமா கேட்டீக? அவ்வளவு தூரம் யாருமே வரல சார்.”

நான் சொன்னது அவருக்கு ஆறுதலா, அடியா என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தது அவர்தான்.