குப்பைச் சாக்கில் கிடைத்த செருப்பு

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீல ரப்பர் செருப்பு இருக்கிறது. இடக்காலுடையது. குதிகால் பக்கம் வரிகள்கூட அழியவில்லை. பெருவிரல் படும் நுனி மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது.

தாடிக்கொம்பு சாலையில் உள்ள முதியோர் இல்லத்தில் நான் நிர்வாகி. புதன்தோறும் பத்து மணிக்கு டாக்டர் வருவார். வந்ததும் நாடி பிடிக்க மாட்டார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் குனிந்து, கழற்றிப் போட்ட செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். சுத்தம் பார்க்கிறார் என்று எண்ணி, ஒரு செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் புதுச் செருப்பு வாங்கி அடுக்கினேன். பழையவற்றைச் சாக்கில் கட்டிக் குப்பைக்குப் போட்டேன். ‘செருப்பு மாற்றம், முடிந்தது’ என்று நாட்குறிப்பிலும் எழுதினேன்.

மறுநாள் பாராட்டுக்குக் காத்து நின்றேன். அவர் பழசு எங்கே என்று கேட்டு, சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். “இவுகளக் கேட்டா அம்புட்டுப் பேரும் நல்லாருக்கேன்னுதேன் சொல்லுவாக. செருப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது சார்” என்றார். அப்போதுதான் இந்த நீலச் செருப்பு அவர் கைக்கு வந்தது.

அது பூக்கார அம்மாவுடையது. இங்கே வந்த பிறகும் காலையிலிருந்து மாலைவரை சம்மணமிட்டு மல்லிகை கட்டிக்கொண்டிருப்பவர். இடக்கால் நுனி தரையில் இழுபடுவதை, சேலையைத் தாழ்த்திக் கட்டி மறைத்திருக்கிறார். தாமாக நடக்க முடியாதவர்களை உறவினரிடம் அனுப்பிவிடுவது இல்லத்தின் விதி. அவருக்கு இருந்த உறவு நத்தத்தில் ஒரு தம்பி மகன். சேர்த்துவிட்டுப் போனவன் பிறகு எட்டிப் பார்த்ததில்லை. விதியைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியவன் நான்.

“வாதம்னு எழுதிராதீக சாமி. இவரு பொட்டியக் கட்டச் சொல்லிருவாரு” என்று அந்த அம்மா, செருப்போடு தேடி வந்த டாக்டரிடம் என்னைக் காட்டினார்.

டாக்டர் முகம், கை, கால் எல்லாம் சோதித்தார். பிறகு தரையில் அமர்ந்து, பூக் கட்டிக் காட்டச் சொன்னார். ஒரு முழம் முடியும்வரை அவர் கண் பூவில் இல்லை. மடித்த முழங்காலில் இருந்தது.

“வாதமில்ல ஆத்தா. ஒடம்பு மெலிஞ்ச நேரத்துல சம்மணம் போட்டே இருந்திருக்க, முட்டிக்குப் பக்கத்துல நரம்பு நசுங்கிருக்கு. இனி நாற்காலியில உக்காந்து கட்டு.”

“நாற்காலியில கட்டுனா பூ மணக்குமாக்கும்?”

“மணக்காட்டி என்னைய வந்து கேளு.”

போகும்போது வாசல் பலகையை நின்று படித்தார். “இது இல்லேன்னா அந்தம்மா மொத நாளே சொல்லிருக்கும் சார்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பேசி விதியை நீக்க வைத்தேன். பலகையை நானே கழற்றினேன். அதன்பின் புதன்தோறும் அவர் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துப் பயிற்சி கொடுத்தார். பாதம் மெல்ல மெல்ல எழும்பியது.

இப்போது அந்த டாக்டர் ஊரைவிட்டுப் போய் மகனோடு இருக்கிறார். வேறு டாக்டர் வருகிறார். செவ்வாய் மாலைகளில் செருப்புகளை நான் திருப்பிப் பார்த்துக் குறித்து வைக்கிறேன். நேற்று பூக்கார அம்மாவின் இப்போதைய ஜோடியை அந்த நீலச் செருப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடதிலும் வலதிலும் குதிகால் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தது. புதுசு வாங்கும் நேரம்தான். புதன்கிழமை டாக்டர் பார்த்த பிறகு வாங்கலாம் என்று அந்த அம்மாவின் அறை வாசலிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.