உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

யாழ்ப்பாணம் டவுனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்கில் வீடியோ கேம் ஏற்றிக் கொடுப்பதுதான் வேலை. டிஸ்கை முழுதாக அழித்தால்தான் கேம் பெட்டி அதை ஏற்கும். அழிப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும். அன்று நான் பார்க்கவில்லை.

டிஸ்க் குருநகரில் மீன்பிடிக்கும் ஒருவருடையது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, அன்றைக்கு விளையாடக் கேம் வேண்டுமாம். பாதி கேம் ஏறியபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அதுக்குள்ளை அப்பான்ரை செத்தவீட்டு வீடியோ கிடக்கு. மறந்துபோனன். கனடாவிலை இருக்கிற அண்ணை வாற மாதம் வந்து பாக்கவெண்டு வைச்சிருக்கிறன். வேறை கொப்பி இல்லை."

அழிந்ததை மீட்கத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

பின்னேரம் அவர் வந்தார். "கொண்டுவரேக்கையே டிஸ்க் பழுது அண்ணை. ஒண்டும் எடுக்கேலாது" என்றேன். இந்தப் பொய்யை யோசிக்க எனக்கு நேரமே எடுக்கவில்லை.

அவர் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடற்கரை வீடெல்லே தம்பி. உப்புக்காத்துப் பட்டிருக்கும். நான்தான் கவனமில்லாமல் வைச்சிட்டன்."

"ஓம் அண்ணை" என்றேன்.

கனடாவிலிருந்து அவருடைய அண்ணன் வந்து போய்விட்டார். அண்ணனிடம் இவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. இப்போது புது டிஸ்க் வாங்கியிருக்கிறார். கேம் ஏற்ற வரும்போதெல்லாம், காற்றுப் படக்கூடாதென்று மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றித்தான் கொண்டுவருகிறார். நான் ஒவ்வொன்றாக அவிழ்க்கிறேன். அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.