டிசம்பர் கூட்டம் என் வீட்டில்

எங்கள் மாதர் சங்கத்துக்கென்று ஒரு கட்டடம் கிடையாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவோம். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மாதம், ஆளுக்கு ஒரு முறை. முறை வந்த வீட்டுக்காரி தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும் கொடுக்க வேண்டும். 'ஏதாவது' என்றுதான் பேச்சு. ஆனால் எங்கள் ஆட்கள் அப்படி விடுவார்களா? பெப்ரவரியில் ஒருத்தி கடலை அவித்துக் கொடுத்தால், மார்ச்சில் இன்னொருத்தி வடை சுடுவாள், ஏப்ரலில் முந்திரிப்பருப்புப் போட்ட கேசரி வந்து நிற்கும். இதையெல்லாம் கூட்டக் குறிப்பில் எழுதக் கூடாது என்று செயலாளரான எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதியிருக்கிறேன்.

நான் செயலாளர் ஆனது படிப்பால் அல்ல. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மேலே தேயிலை, கீழே ரப்பர். நான் இருப்பது மேலே உள்ள வரிசை வீடுகளில், மேல் லயம். தலைவி எங்கள் முன்பள்ளி டீச்சர், என்னைவிடப் பத்து வயது இளையவள். எதைச் சொன்னாலும் முடிவில் 'இல்லையா' போடாமல் அவளால் பேச முடியாது.

ஒவ்வொரு ஜனவரியும் வருடத்து முறைப் பட்டியலை எழுதுவது என் வேலை. அந்த வருடமும் எழுதினேன். டிசம்பருக்கு நேராக என் பெயர் வந்தது. எழுதி இரண்டு வாரம் ஆகவில்லை, ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பொங்கல் கோலம் வாசலில் அழியாமல் கிடந்தது.

சங்கத்துப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. பதினாறு நாளும் என் அடுப்பை நான் பற்றவைக்கவில்லை. யாராவது ஒருத்தி சோறு ஆக்கினாள், ஒருத்தி பாத்திரம் கழுவினாள், ஒருத்தி என் தலையில் எண்ணெய் வைத்து வாரிவிட்டாள். கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்தார்கள். மகள் கொழும்பில் கட்டிக்கொடுத்தவள், அவளுக்கும் வேலை, புருஷன், பிள்ளை. அவளும் பஸ் ஏறினாள். மறுநாள் காலையில் விறகெடுத்து அடுப்பு மூட்டி, பழக்கத்தில் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். அன்றைக்கு முழுக்க இந்த வீட்டில் ஒரு குரல் கேட்கவில்லை.

அந்த வருடம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். டிசம்பரில் பதினொரு பேரும் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சத்தம் போட வேண்டும். செருப்பெல்லாம் வாசலில் குவிந்து கிடக்க வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இருக்கவில்லை.

மார்ச்சில் மகளிர் தினம். தோட்டத்து மைதானத்தில் சங்கீதக் கதிரை, தேங்காய் துருவல், கயிறிழுப்பு. முந்தைய வருடங்களில் விசில் என் வாயில்தான் இருக்கும். அந்த வருடம் விசிலை எடுக்கப் போனேன். "நீங்க ஒக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்," என்று ஒருத்தி வாங்கிக்கொண்டாள். சரி, குடிக்கத் தண்ணீராவது கொடுப்போம் என்று வாளியைத் தூக்கினேன். "ஐயோ அக்கா, நீங்க ஒக்காருங்க." வாளியும் போய்விட்டது. நான் என்ன பிள்ளை பெற்று மூன்றாம் நாளா? கால் கை எல்லாம் நன்றாகத்தானே இருந்தது? மரத்தடியில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, இன்னார் வென்றார், இன்னார் தோற்றார் என்று எழுதிவிட்டு வந்தேன்.

பிறகு எல்லாம் அப்படித்தான் ஆனது. மாதக் கூட்டத்துக்குப் போவேன். கதவுப் பக்கத்தில் ஒரு கதிரை எனக்கென்று போட்டிருப்பார்கள். முதல் தேத்தண்ணி எனக்குத்தான். நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்பைக் குறைப்பார்கள், புருஷன்மாரைப் பற்றிய பேச்சைப் பாதியில் விடுவார்கள். பேசுங்களேண்டி, நானும்தானே முப்பது வருடம் ஒருவரோடு மல்லுக்கட்டினேன், என்று கத்த வேண்டும்போல இருக்கும். கத்தவில்லை. பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினால் நன்றாக இருக்காது.

மே மாதம் மட்டும் வேறு மாதிரி. புத்தர் பண்டிகையான வெசாக்குக்கு, பக்கத்தில் இருக்கிற சிங்களக் கிராமத்துப் பெண்கள் சந்தியில் தன்சல் பந்தல் போடுவார்கள், போவோர் வருவோருக்கெல்லாம் இலவசமாக பெலிமல் என்கிற வில்வப்பூப் பானம் கொடுப்பார்கள். எங்கள் சங்கமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண்களுக்கு என் கதை தெரியாது. போய் நின்றதும் ஒருத்தி, "அக்கே, மேக்க அல்லன்ன," என்று பெரிய அகப்பையை என் கையில் திணித்துவிட்டாள். பிடி என்றால் பிடித்துத்தானே ஆக வேண்டும்! ஐந்து மணி நேரம் ஊற்றினேன். பஸ்ஸை நிறுத்திக் குடித்தார்கள், லொறிக்காரர்கள் இரண்டாம் தரம் நீட்டினார்கள். தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. இடையில் அகப்பையைக் கொடுத்தவள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். "மம விதரய்," என்றேன், நான் மட்டும்தான். "அனே," என்றவள் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, வரிசை நிற்குது, சீக்கிரம் குடி என்று அதட்டினாள். அந்த அதட்டல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று யாரிடம் சொல்வது?

ஜூனில் மழை. மழைத்தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு போனேன், உட்கார வைத்தார்கள். ஆகஸ்டில் வீட்டுத்தோட்டத் திட்டம், ஆளுக்குப் பத்து மிளகாய்க் கன்று. எனக்குரிய பத்தையும் அவர்களே கொண்டுவந்து வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்கள். தீபாவளி எனக்கு இல்லை. துக்க வீட்டில் பண்டிகைப் பலகாரம் சுடக் கூடாது, மற்றவர்கள்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். காலையில் கதவைத் திறந்தால் வாசல்படியில் ஏழு தட்டு, மேலே வாழையிலை போட்டு மூடி வைத்திருந்தது. முறுக்கும் அதிரசமும் நிறைய இருந்தன. தட்டை வைத்தவள் ஒருத்திகூடக் கதவைத் தட்டவில்லை. அன்றைக்கு அழுதேன். அவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

நவம்பரில் முன்னறைச் சுவருக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். முழங்கால் வலியோடு ஏணியில் ஏறியதை மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் போனிலேயே திட்டுவாள். கோயிலிலிருந்து எட்டுக் கதிரை சொல்லிவைத்தேன். என்னிடம் நாலு இருந்தது. என்ன கொடுப்பது என்று மூன்று வாரம் யோசித்தேன். துக்க வருடத்தில் இனிப்பு சுட முடியாது. உளுந்து வடையும் சம்பலும் என்று முடிவு செய்தேன்.

கூட்டத்தன்று காலை உளுந்தை ஊறப்போட்டுவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தால், சங்கத்து வாட்ஸப்பில் டீச்சர் போட்டிருக்கிறாள்: இம்மாதக் கூட்டம் பிள்ளைக் காம்பராவில் நடைபெறும். கீழே பத்துப் பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள். பிள்ளைக் காம்பரா என்றால் வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் கிடக்கும்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உடுத்தியிருந்த சேலையோடு, பதிவுப் புத்தகத்தை அள்ளிக்கொண்டு, டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"டீச்சர், நான் உளுந்து ஊறப்போட்டுட்டேன்."

"அக்கா, கோவப்படாதீங்க. ஒங்களுக்கு ஏன் செரமம்னுதான், இல்லையா."

"செரமமா? எனக்கா? பதினோரு மாசமா எவளாவது என் வீட்டு வாசப்படிய தாண்டி உள்ள வந்தீங்களா? இப்ப செரமத்தப் பத்தி பேச வந்துட்டீங்க!"

"துக்க வீடுக்கா. வருசம் கழியலையே. சங்கத்து முடிவு அது, இல்லையா."

"எந்தச் சங்கம்? எவ போட்ட சட்டம் இது?"

டீச்சர் என்னை உள்ளே கூட்டிப் போனாள். பழைய பதிவுப் புத்தகங்கள் அவள் அலுமாரியில்தான் இருக்கும். ஒன்றை எடுத்துத் தேடி, ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். நாலு வருடத்துக்கு முந்தைய குறிப்பு. துக்கம் நடந்த வீட்டில் வருடம் முடியும்வரை கூட்டம் வைத்து அந்த வீட்டாருக்குச் சிரமம் கொடுப்பதில்லை. முன்மொழிந்தவர், செயலாளர். எல்லோரும் ஏற்றுக்கொண்டனர். எழுத்து முத்து முத்தாக இருந்தது. என் எழுத்து.

சத்தியமாக எனக்கு மறந்தே போயிருந்தது. பார்த்ததும்தான் வந்தது. கீழ் லயத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஒருத்தி எங்கள் சங்கத்தில் இருந்தாள். அவள் புருஷன் குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழி வேலைக்குப் போய், மண் சரிந்து செத்துப்போனான். இரண்டு மாதத்தில் அவள் முறை வந்தது. ஒற்றைப் பொம்பிளை, பதினொரு பேருக்கு எங்கே தேத்தண்ணி ஊற்றுவாள், பாவம் என்று நான்தான் எழுந்து சொன்னேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

வருடம் கழிந்ததும் அவள் பெயரைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? போன வருடத்துப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதினேன். அவள் இடத்தில் மேல் லயத்துக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தியின் பெயர் இருந்தது. அடுத்த வருடமும் அதையே பார்த்து எழுதினேன். கீழ் லயத்துக்காரி கொஞ்ச நாள் வந்தாள், பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். ஏன் அவள் வருவதில்லை என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டார்கள். "அவளுக்கு இஷ்டமில்ல போல," என்று சொன்னதும் நான்தான்.

"அடுத்த வருசம் ஒங்க வீட்டுல மொத மாசமே போட்டுக்கலாம்க்கா," என்றாள் டீச்சர்.

நான் கொண்டுபோன பதிவுப் புத்தகத்தையும் அவளிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளைக் காம்பராவுக்குப் போக மனம் வரவில்லை. ஊறின உளுந்தை என்ன செய்வது? அரைத்தேன். பன்னிரண்டு பேருக்கென்று ஊறப்போட்டதை முழுக்கச் சுட்டேன். இரண்டு டிபன் பாத்திரத்தில் அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டில் கீழ் லயத்துக்கு இறங்கினேன். மழைக்குப் படியெல்லாம் பாசி, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டியிருந்தது. போய் என்ன சொல்வதென்று கடைசிப் படிவரை எனக்குத் தெரியவில்லை.

அவள் தண்ணீர்ப் பீலிக்கரையில் உடுப்புக் கழுவி முடித்து வாளியோடு வந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். முன்பல் ஒன்று இல்லை. என்னையும் என் கையிலிருந்த பையையும் பார்த்தாள். சாப்பாட்டுப் பையோடு செயலாளர் வீடு தேடி வந்து நிற்கிறாள், அதுவும் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அவள் வேறு என்ன நினைப்பாள்?

"என்னக்கா, கூட்டம் எங்க வீட்டுலயா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா!"

வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். நான் வாசலில் நின்றேன். கட்டிலில் குவிந்திருந்த உடுப்பை அள்ளித் திரைக்குப் பின்னால் போட்டாள். பாயை உதறி விரித்தாள். பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டி இரண்டு கதிரை கேட்டாள். நாலு வருடம் அவளை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் கோபம் ஏதாவது இருக்கிறதா என்று தேடித்தேடிப் பார்த்தேன். அவசரம் மட்டும்தான் இருந்தது. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"உள்ள வாங்கக்கா, ஏன் நிக்கிறீங்க? மத்தவங்க பின்னால வாராங்களா?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பையைப் பாயின் மேல் வைத்தேன். அவள் அடுப்படிக்குள் எட்டிப் பலகை மேலிருந்த பெரிய கேத்தலை இறக்கி, தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தன பேருக்குக்கா தண்ணி வைக்கிறது?"

"ரெண்டு பேருக்கு," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாசல் பக்கமும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு பெரிய கேத்தலைத் திருப்பிப் பலகையில் வைத்துவிட்டு, சின்னதை எடுத்தாள்.