கிளீனர் சீட்டு

டிரைவிங் மாஸ்டருக்கு இருபத்தாறு வருடமாகப் பிழைப்பு பக்கத்து சீட்டில்தான். காலடியில் ஒரு தனி பிரேக். ஊரில் பாதிப் பேர் உயிரோடு இருப்பதே அந்த பிரேக்கின் புண்ணியம். ஆனால் டைல்ஸ் கடை வைத்திருக்கும் மச்சினன், புதுவீட்டுக்குக் குடிபோன அன்று நாற்பது பேர் நடுவில் சொன்னான்:

"எங்க மாமா தினம் கார்லதான் போறாரு. ஆனா இன்னும் கிளீனர் சீட்டுதான்!"

வீடே சிரித்தது. அவர் பெண்டாட்டியும் சிரித்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாளே மாஸ்டர் பேரிலிருந்த காலி மனை கைமாறியது. சிவப்பு நிறத்தில் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆர்டர் போனது. பட்டப்பகலில் டைல்ஸ் கடை முன்னால் மூன்று ரவுண்டு, கண்ணாடியெல்லாம் அதிர ஓட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கியர் வண்டிதான் வேண்டுமென்று அடம்பிடித்ததால் எட்டு மாதம் இழுத்தது. திங்கட்கிழமை தவறாமல் ஷோரூமுக்குப் போன்.

"கப்பல்ல இருக்கு சார்."

"போன வாரமும் கப்பல்தானம்மா. மீன் பிடிக்குதா?"

"ரெண்டே சீட்டாமே, நான் டிக்கியில வரணுமா?" என்றாள் பெண்டாட்டி. அவர் காதில் வாங்கவில்லை. ஷேவ் பண்ணும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று, மச்சினனைப் பார்க்கப்போகும் அந்த அலட்சியப் பார்வையைப் பழகிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக லாரியிலிருந்து வண்டி இறங்கியது. தெருவே கூடியது. மச்சினனும் வந்திருந்தான். மாஸ்டர் சாவியை வாங்கினார், நெஞ்சை நிமிர்த்தினார், விறுவிறுவென்று சுற்றிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடிய சரி பண்ணிக்கங்க" என்று காலி சீட்டைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டே டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்தான். "இறங்காதீங்க மாமா, பழக்கதோஷம். நான் ஓட்டறேன்."

மாஸ்டருக்குக் காது மடல் வரை கொதித்தது. இறங்கப்போனவர், அவன் இடது கால் கிளட்சைத் தேடித் தடுமாறுவதைப் பார்த்தார். பத்து வருடமாக ஆட்டோமேட்டிக் ஓட்டிய கால். சாவியை நீட்டினார்.

"ஓட்டு மாப்ள. உன் கடைக்கே போவோம்."

வண்டி துள்ளியது, இருமியது, நின்றது. தெருமுனைக்குள் நாலு தடவை. கடை வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மச்சினன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மாஸ்டர் ஜன்னலை முழுசாக இறக்கி, ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி பாடம் எடுத்தார்.

"கிளட்ச்ச மெதுவா விடு. எங்க பாக்குற? ரோட்டப் பாரு! இண்டிகேட்டர் யாரு போடுவா, உங்கப்பாவா?"

கடைப்பையன்கள், டைல் வாங்க வந்தவர்கள், எதிர்க்கடைக்காரர் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"மாமா, போதும். நீங்க ஓட்டுங்க" என்று கெஞ்சினான். மாஸ்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்தார்.

"சரி. இப்ப ரிவர்ஸ் எடு."