ஆயாக்களுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருந்த பெண்பிள்ளைகள் இல்லத்தில் நான் பெரிய ஆயா. நாற்பது பிள்ளைகள், ஐந்து ஆயாக்கள். எண்பதுகளில் நடந்தது இது. எங்கள் பக்கம் பாட்டியைத்தான் ஆயா என்போம். நாற்பது வயசுகூட ஆகாத என்னை அப்படிக் கூப்பிட்டது முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. முன்னால் ‘பெரிய’ சேர்ந்ததும் பிடித்துப்போனது. யார் தலை வாருவது, யார் ராத்திரி கண் விழிப்பது, எல்லாம் நான் சொன்னபடிதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

எங்களில் ஒருத்தி வல்லத்துக்காரி. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டு, அண்ணியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவள், ஒரு துணி மூட்டையோடு எங்களிடம் வந்தாள். இல்லத்தை விட்டால் அந்த வாசலுக்குத்தான் திரும்பணும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில், பாயை நனைத்துவிட்டது என்று நாலு வயசுப் பிள்ளை ஒன்றைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள். விரல் பதிந்து சிவந்திருந்தது.

பிள்ளைமேல் கை வைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு. அது இல்லத்துச் சட்டம். நானே வார்டனம்மாவிடம் போய்ச் சொன்னேன். சோசியல் ஒர்க் படித்துவிட்டு மெட்ராஸிலிருந்து வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது அவருக்கு. பிள்ளையை மடியில் உட்காரவைத்துக் கன்னத்தைத் தடவினார். வல்லத்துக்காரி கதவோரம் நின்று அழுதாள்.

“அனுப்பிடலாம்மா. இன்னிக்கு வுட்டா நாளைக்கு எல்லாரும் கை நீட்டுவாங்க” என்றேன்.

“அனுப்பலாம். பெரிய ஆயா, நீங்க தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிச்சு எத்தனை நாளாச்சு?”

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. “இன்னாம்மா, என் தலை நாறுதா?”

“கேட்டதுக்குச் சொல்லுங்க.”

யோசித்துப் பார்த்தேன். தீபாவளிக்குக் குளித்தது. அப்போது பங்குனி பிறந்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் நாற்பது தலைக்கு எண்ணெய் தேய்க்கிறவர்கள் நாங்கள். எங்கள் தலை எங்களுக்கு ஞாபகமே இல்லை. வல்லத்துக்காரியைக் கேட்டார். அவளுக்குத் தீபாவளியும் இல்லை. அன்றைக்கு அவள்தான் அடுப்படியில் இருந்தாளாம்.

“நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. நீங்க குளிங்க, இவங்க தேய்ச்சு விடட்டும். அதுவரைக்கும் இவங்க பிள்ளைங்க பக்கம் போக வேண்டாம். குளிச்சுட்டு வந்து, அனுப்பறதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு.”

“சோறு போடறது நாங்க ரெண்டு பேருதான். அதுவரைக்கும் புள்ளைங்களுக்கு?”

“நான் போடறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடிப்புக் கலையாத புடவை கட்டுகிற அம்மா அவர்.

மறுநாள் கிணற்றடியில் உட்கார்ந்தேன். கோட்டை மலைமேல் வெயில் ஏறிவிட்டது. மிளகும் சீரகமும் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்து வந்தாள்.

“அழுத்தித் தேயேன்டி. நேத்து காலையில இருந்த பலம் எங்க போச்சு? எல்லாம் அந்தப் புள்ள கன்னத்துல இறங்கிடுச்சா?”

“குத்திக் காட்டாதீங்கக்கா. அடிச்ச கை எனக்கே எரியுது.”

“இன்னாடி வந்துது உனக்கு?”

“தெரியலக்கா. கண்ணு ரெண்டும் மண்ணு போட்டாப்புல இருந்துச்சு. பாயப் பாத்தேன். கை போயிடுச்சு.”

“நல்லா தூங்கி எத்தினி நாளாவுது?”

“அம்மை போட்டதுலருந்து இல்லக்கா.”

“அது இறங்கி இருவது நாளாச்சே!”

“ராத்திரி முறைய நீங்க மாத்தலையேக்கா.”

குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். கை பாட்டுக்கு என் உச்சியில் போய்க்கொண்டே இருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது, ஏற்கெனவே அம்மைத் தழும்பு உள்ளவள் என்று பகல் வேலையோடு இவளை நான்தான் ராத்திரிக்கும் போட்டேன். மற்ற மூன்று பேரும் முட்டி வலி, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லிக் கழன்றுகொண்டார்கள். வாய் திறக்காதவள் தலையிலேயே நான் சுமத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

“வாயத் தொறந்து கேக்குறதுக்கு இன்னா?”

“நீங்க பெரிய ஆயா. உங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்.”

“தண்ணிய ஊத்துடி” என்றேன்.

சாம்பிராணிப் புகை காட்டித் தலையை முடிந்துகொண்டு உள்ளே போனால், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே கூச்சல். வார்டனம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சோறு போடாத தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். “மொதல்ல சோறும்மா!” என்று பிள்ளைகள் கத்துகின்றன. அவர் பின்னிவிட்ட ஒரு பிள்ளைக்கு ஒரு சடை காதுக்கு மேலே, ஒரு சடை கழுத்துக்குக் கீழே.

“என்ன சொல்றீங்க பெரிய ஆயா?” என்றார், கரண்டியோடு.

“அவ இருக்கட்டும். ராத்திரி முறைய எழுதி ஒட்டணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. மொத ராத்திரி என் பேரு.”

அதுவரை நான் ராத்திரி முறையில் இருந்ததே இல்லை. தப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தம்மாவும் தோண்டிக் கேட்கவில்லை. செவ்வாய்க்கு ஒருத்தி என்று எண்ணெய்க் குளியலுக்கும் முறை போட்டோம்.

“இன்னொரு தபா கை நீண்டா உன் மூட்டைய நானே வெளிய வைப்பேன்” என்று வல்லத்துக்காரியிடம் சொன்னேன். தலையாட்டினாள். அந்தப் பிள்ளை முன்னால் போய்க் குந்தினாள்.

“ஆயா தப்பு பண்ணிட்டேன் கண்ணு.”

பிள்ளை யோசித்தது. “திரும்ப பாய நனைச்சுட்டா?”

“வேற பாய் போட்டுக்கலாம்.”

அடுத்த செவ்வாய் அவள் முறை. நான் தேய்த்துவிட்டேன். எண்ணெய் உச்சியில் இறங்குவதற்குள், உட்கார்ந்த வாக்கிலேயே என் முழங்கால்மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். எண்ணெய் வைத்தால் தூங்கக் கூடாது என்பார்கள். சொன்னவர்கள் யாரும் இருபது ராத்திரி கண் விழித்தவர்கள் இல்லை. அந்தப் பிள்ளை வந்து, “எழுப்பட்டுமா?” என்றது. வேண்டாம் என்று கை காட்டினேன். அவள் குளிக்க அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து ஆறிப்போனது. வேறொருத்தியைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு விறகு வைக்கச் சொன்னேன்.